பேப்பர் பேட்டர்னில் உங்கள் சைஸ் எது? எடுப்பதும், உடம்புக்கேற்ப மாற்றுவதும்

நான் முதன்முதலில் பேப்பர் பேட்டர்ன், அதாவது துணியின் மேல் வைத்து வெட்டுவதற்கான காகித மாதிரி, வாங்கியது ஒரு தையல் சாமான் கடையில். "மார்பு எவ்வளவும்மா?" என்றார் கடைக்காரர். "38" என்றேன். 38 என்று எழுதிய கவரை எடுத்து நீட்டிவிட்டார். அதை வைத்து வெட்டித் தைத்த ஜாக்கெட் மார்பில் கச்சிதம். ஆனால் ஷோல்டர் இரண்டு பக்கமும் வழிந்து கைக்கு வந்துவிட்டது. முன்கழுத்து வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அக்குளுக்குக் கீழே ஒரு கைப்பிடித் துணி சுருண்டு கிடந்தது. பக்கத் தையலைப் பிடித்துத் தைத்தேன், மார்பு இறுகியது. பிரித்தேன், மறுபடி தைத்தேன். மூன்றாவது தடவை பிரிக்கும்போது துணியே நைந்துபோனது.

கடைக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை. நான் சொன்ன எண்தான் தப்பு. என் தோளும் முதுகும் 36 சைஸ்காரியுடையவை; மார்பு மட்டும் 38. சைஸ் எடுக்க வேண்டியது எலும்புக்கு. சதைக்கு வேண்டியதை அப்புறம் பேப்பரில் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். கழுத்து, ஷோல்டர், ஆம்ஹோல் (கையை வைத்துத் தைக்கும் அக்குள் வளைவு) மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை, அங்கே கை வைத்தால் எல்லாம் கலையும். மார்பு, இடுப்பு, கைச் சுற்றளவு எல்லாம் நிதானமாக உட்கார்ந்தால் ஒரு மாலை நேர வேலை.

இங்கே ஜாக்கெட்டையும் குர்த்தியையும் வைத்தே சொல்கிறேன். மேலுடம்புக்கான எந்த பேட்டர்னுக்கும் வழி இதுதான்.

கவர் மேல் இருக்கும் எண்

நம்மூர் ஜாக்கெட் பேட்டர்ன்களில் 32, 34, 36 என்றால் மார்புச் சுற்றளவு, இஞ்சில். வெளிநாட்டு பேட்டர்ன் வாங்கினாலோ இணையத்தில் இறக்கினாலோ இந்தக் கணக்கு செல்லாது. சிம்ப்ளிசிட்டி, மெக்கால்ஸ் போன்ற அமெரிக்க பேட்டர்ன்களில் சைஸ் 14 என்றால் மார்பு 36 இஞ்ச், வெயிஸ்ட் 28, ஹிப் 38. ரெடிமேட் கடையில் நீங்கள் எடுக்கும் சைஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஜெர்மனியின் புர்தா பேட்டர்னில் 38 என்று போட்டிருப்பதைப் பார்த்து 38 இஞ்ச் என்று நினைத்துவிடாதீர்கள். அது 88 செ.மீ. மார்பு, அதாவது 34½ இஞ்சுக்குக் கொஞ்சம் மேல். பிரா சைஸையும் இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பிராவில் 34 என்பது பட்டியின் அளவு, மார்பின் முழுச் சுற்றளவு அல்ல.

பல சைஸ்களில் பேப்பர் பேட்டர்ன் விற்கும் வழக்கமே 1863இல் எபெனேசர் பட்டரிக் என்ற அமெரிக்கத் தையல்காரர் ஆரம்பித்துவைத்தது. அதற்கு முன் கிடைத்ததெல்லாம் ஒரே சைஸ்தான், மிச்சம் உன் பாடு. பிறகு 1939-40இல் அமெரிக்க அரசு ஏறக்குறைய 15,000 பெண்களை அளந்து ஒரு பெரிய கணக்கெடுப்பு நடத்தியது. அதில் வெள்ளைக்காரப் பெண்களின் அளவுகளை மட்டுமே கணக்கில் சேர்த்தார்கள். அந்த ஊர் பேட்டர்ன் நமக்கு அப்படியே பொருந்தாவிட்டால் உடம்பை நொந்துகொள்ள வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன்.

அளவு எடுப்பது

எந்த பிராவோடு உடுத்தப் போகிறீர்களோ அதைப் போட்டுக்கொண்டு அளக்க வேண்டும். பிரா மாறினால் மார்பின் உயரமே ஒரு இஞ்ச் மாறும். இடுப்பின் மிகக் குறுகலான இடத்தில் ஒரு நூலைக் கட்டிக்கொள்ளுங்கள், அது எங்கே போய் நிற்கிறதோ அதுதான் உங்கள் வெயிஸ்ட். முடிந்தால் இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள், நாமே அளந்தால் முதுகுப் பக்கம் டேப் கீழே இறங்கிவிடும். இஞ்ச் டேப்பையும் ஒரு தடவை ஸ்டீல் ஸ்கேலோடு வைத்துச் சரிபார்த்துவிடுங்கள். துணி டேப் நாளாக ஆக நீளும். என்னுடைய பழைய டேப் 60 இஞ்சில் அரை இஞ்ச் பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

வேண்டிய அளவுகள்: மேல்மார்பு, மார்பு, வெயிஸ்ட், ஹிப், ஷோல்டர், பின்கழுத்து எலும்பிலிருந்து வெயிஸ்ட் நூல் வரை, ஷோல்டரிலிருந்து மார்பு முனை வரை, இரண்டு மார்பு முனைகளுக்கும் இடையே, மேல்கைச் சுற்றளவு.

இதில் பலரும் விட்டுவிடுவது மேல்மார்பு. டேப்பை அக்குள் வழியாக, மார்புக்கு மேலே, முதுகில் நேராகச் சுற்றி எடுப்பது. கொஞ்சம் இறுக்கமாகவே எடுக்கலாம். எலும்புக்கூட்டின் அளவு என்று நான் சொன்னது இதைத்தான்.

சைஸ் கணக்கு

பெரும்பாலான பேட்டர்ன்களை மேல்மார்புக்கும் மார்புக்கும் 2 இஞ்ச் வித்தியாசம் என்று வைத்தே வரைகிறார்கள். பி கப் என்பது இதுதான். 1 இஞ்ச் என்றால் ஏ, 3 என்றால் சி, 4 என்றால் டி. அதனால் கணக்கு எளிது: மேல்மார்போடு 2 கூட்டுங்கள். வருகிற எண்தான் பேட்டர்னின் சைஸ் சார்ட்டில் (அளவு அட்டவணையில்) நீங்கள் தேட வேண்டிய மார்பு அளவு. சில பேட்டர்ன்காரர்கள் சி அல்லது டி கப்புக்கு வரைந்திருப்பதாகக் கவரிலேயே சொல்லியிருப்பார்கள். அப்படியானால் 3 அல்லது 4 கூட்ட வேண்டும்.

எனக்கு மேல்மார்பு 34, மார்பு 38. 34 + 2 = 36. ஆக, 36 சைஸ் வாங்கி, மார்பில் 2 இஞ்ச் கூட்ட வேண்டும்.

என் அண்ணிக்கு இதற்கு நேர் எதிர். "ஏன்டி, மார்பு 36தானே, 36லதானே தைச்ச? முதுகு ஏன் இப்படி இழுக்குது? கையை முன்னால நீட்ட முடியல" என்று வந்தார். "வாங்க அண்ணி, மேல்மார்பு அளந்து பார்ப்போம்" என்று டேப்பைச் சுற்றினேன். 35½ வந்தது. அகலமான தோள், சின்ன மார்பு. 35½ + 2 = 37½. அவருக்கு வேண்டியது 38 சைஸ், முன்பாகத்தில் மட்டும் குறைக்க வேண்டும். மார்பளவை மட்டும் பார்த்து எனக்கு 38, அண்ணிக்கு 36 என்று எடுத்தோம். உண்மையில் அது தலைகீழ்.

குர்த்திக்கு ஹிப் அளவு தனியாக வரும். மேலே 36, வெயிஸ்ட் 38, ஹிப் 40 என்று மூன்று சைஸில் விழுந்தாலும் கவலையில்லை. பல சைஸ் கோடுகள் ஒரே தாளில் இருக்கும் பேட்டர்னில், அக்குளுக்குக் கீழே 36 கோட்டில் தொடங்கி, வெயிஸ்டில் 38ஐத் தொட்டு, ஹிப்பில் 40க்குப் போகும்படி ஒரு வளைகோடு போடுங்கள். திடீர் மடக்கு வேண்டாம். முன்பாகத்தில் செய்ததையே பின்பாகத்திலும் செய்யுங்கள், இல்லாவிட்டால் பக்கத் தையலின் இரண்டு ஓரமும் ஒட்டாது.

பேப்பரையே அளந்துவிடுங்கள்

சார்ட்டில் இருப்பது உடம்பின் அளவு. தைத்த உடுப்பு அதைவிடப் பெரிதாக இருக்கும். அந்தக் கூடுதல்தான் லூஸ். சேலை ஜாக்கெட்டுக்கு ஒரு இஞ்ச் லூஸ் போதும், சிலர் அரையிலேயே நிறுத்துவார்கள். உடம்போடு நிற்கும் குர்த்திக்கு 3 முதல் 4 இஞ்ச் வேண்டும். அமெரிக்க பேட்டர்ன்களில் தைத்து முடித்த அளவைத் தாளிலேயே மார்பு, ஹிப் கோடுகளின் பக்கத்தில் அச்சடித்திருப்பார்கள். அதிலிருந்து உங்கள் அளவைக் கழித்தால் எவ்வளவு லூஸ் வரும் என்பது தெரிந்துவிடும்.

நம்மூர் பேட்டர்ன்களில் இதெல்லாம் இருக்காது. தையலுக்கு இடம் விட்டிருக்கிறார்களா இல்லையா என்பதுகூடச் சிலவற்றில் எழுதியிருக்காது. அமெரிக்கப் பெரிய கம்பெனிகள் 1.5 செ.மீ. சேர்த்தே தருகின்றன. புர்தா இதழில் வரும் பேட்டர்ன்களில் தையலுக்கு இடம் கிடையாது, நாம்தான் சேர்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் டேப்பை எடுங்கள். முன்பாகத்தின் அகலத்தையும் பின்பாகத்தின் அகலத்தையும் மார்புக் கோட்டில் தையலிலிருந்து தையல் வரை அளந்து, அந்தக் கோட்டில் டாட் (துணியை முக்கோணமாக மடித்துப் பிடிக்கும் தையல்) வந்தால் அதைக் கழித்து, கூட்டி, இரண்டால் பெருக்குங்கள். வீட்டில் நன்றாகப் பொருந்துகிற ஒரு அளவு ஜாக்கெட் கட்டாயம் இருக்கும். அதையும் அதே இடங்களில் அளந்து பக்கத்தில் எழுதி ஒப்பிடுங்கள். இந்தப் பத்து நிமிட வேலை எனக்கு எத்தனையோ மீட்டர் துணியைக் காப்பாற்றியிருக்கிறது.

பிடிஎஃப் பேட்டர்ன் என்றால் பிரிண்ட் கடையில் "பேஜுக்கு ஃபிட்" என்று போட்டுவிடுவார்கள், எல்லாமே கொஞ்சம் சுருங்கிவிடும். நூறு சதவீத அளவில் போடச் சொல்லுங்கள். முதல் தாளில் ஒரு சோதனைச் சதுரம் இருக்கும். அதை அளந்து பார்த்துவிட்டு மிச்சத் தாள்களை எடுங்கள்.

முதலில் உயரம்

அகலத்தைத் தொடுவதற்கு முன் உயரத்தைச் சரிசெய்ய வேண்டும். புர்தா 168 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு வரைகிறது. அமெரிக்கக் கம்பெனிகளின் கணக்கு ஏறக்குறைய 5 அடி 5 இஞ்ச். நான் 5 அடி 1 இஞ்ச். சைஸ் 14இல் பின்கழுத்திலிருந்து வெயிஸ்ட் வரை 16½ இஞ்ச் போட்டிருக்கிறார்கள், எனக்கு 15தான்.

இந்த ஒன்றரை இஞ்சைக் கீழ் ஓரத்தில் வெட்டி எறிந்தால் மார்பு டாட் வயிற்றுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பேட்டர்னில் "இங்கே கூட்டு, குறை" என்று இரட்டைக் கோடு இருக்கும், அங்கே மடிக்க வேண்டும். நான் ஒரு இஞ்சை மார்புக்கும் வெயிஸ்டுக்கும் நடுவிலும், அரை இஞ்சை ஆம்ஹோலின் நடு உயரத்தில் குறுக்காகவும் மடிக்கிறேன். குட்டையான பெண்களுக்கு ஆம்ஹோலும் குட்டையாகவே இருக்கும். ஆம்ஹோலில் மடித்தால் கையின் மேல்வளைவிலும் அதே அரை இஞ்சை மடிக்க மறக்காதீர்கள்.

மார்பில் கூட்டுவது

எல்லோரும் பயப்படுகிற இடம் இது. பழைய செய்தித்தாளில் ஒரு தடவை செய்து பார்த்தால் பயம் போய்விடும்.

மூல பேட்டர்னை வெட்ட வேண்டாம். முன்பாகத்தை பிரவுன் ஷீட்டில் நகலெடுத்து, தையல் கோடுகளையும் வரையுங்கள். பேப்பரை உடம்பில் வைத்து, ஷோல்டரைச் சரியாகப் பொருத்தி, உங்கள் மார்பு முனை எங்கே வருகிறதோ அங்கே ஒரு புள்ளி. பேட்டர்னின் புள்ளிக்குக் கீழே உங்களுடையது இருந்தால் முதலில் டாட்டையே அவ்வளவு கீழே நகர்த்திக்கொள்ளுங்கள்.

இப்போது மூன்று கோடுகள். முதல் கோடு, கீழ் ஓரத்திலிருந்து நேர் இழைக்கு (துணியின் நீளவாக்கு இழைக்கு) இணையாக மேலே மார்புப் புள்ளி வரை போய், அங்கிருந்து சாய்ந்து, ஆம்ஹோல் வளைவின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் போய் முட்டட்டும். இரண்டாவது, பக்கத் தையலிலிருந்து பக்க டாட்டின் நடுவாக மார்புப் புள்ளிக்கு. மூன்றாவது, முதல் கோட்டிலிருந்து முன் நடுப்பக்கத்துக்கு, மார்புக்கு இரண்டு இஞ்ச் கீழே, குறுக்காக.

முதல் கோட்டைக் கீழிருந்து வெட்டிக்கொண்டு போய் ஆம்ஹோல் தையல் கோட்டில் நிறுத்துங்கள். ஓரத்துப் பக்கமிருந்து ஒரு சின்ன வெட்டு, இரண்டுக்கும் நடுவே நூலளவு பேப்பர் ஒட்டிக்கொண்டிருக்கட்டும். அது கதவின் கீல் மாதிரி வேலை செய்யும். இரண்டாவது கோட்டையும் பக்கத்திலிருந்து வெட்டி, மார்புப் புள்ளிக்கு ஒரு நூல் முன்னால் நிறுத்துங்கள், அங்கே இன்னொரு கீல்.

எனக்கு 2 இஞ்ச் கூட்ட வேண்டும் என்றேன் இல்லையா? முன்பாகம் இரண்டு துண்டு, அதனால் ஒரு துண்டில் 1 இஞ்ச். பக்கத் துண்டை வெளிப்பக்கம் நகர்த்துங்கள். மார்புப் புள்ளியில் சரியாக 1 இஞ்ச் இடைவெளி, அங்கிருந்து கீழ் ஓரம் வரை அதே 1 இஞ்ச், இரண்டு ஓரமும் இணையாக. நகர்த்தும்போதே பக்க டாட் தானாக வாயைத் திறப்பதைப் பார்ப்பீர்கள். முதல் தடவை எனக்கு அது மந்திரம் மாதிரி இருந்தது. மார்பு பெரிதானால் டாட்டும் ஆழமாக வேண்டும், அதைப் பேப்பரே செய்துகொடுக்கிறது.

பக்கத் துண்டு இப்போது நடுத் துண்டைவிடக் கீழே இறங்கியிருக்கும். மூன்றாவது கோட்டை வெட்டி, நடுத் துண்டின் கீழ்ப்பகுதியை அதே அளவு இறக்கினால் அடி ஓரம் நேராகிவிடும். பெரிய மார்பைச் சுற்றிக் கீழே வர நீளமும் வேண்டும் என்பதால் இந்தக் கூடுதல். முன்பக்கம் ஜாக்கெட் தூக்கிக்கொண்டு நிற்பது இந்த நீளம் இல்லாததால்தான். இடைவெளிகளுக்கு அடியில் பேப்பர் ஒட்டி, டாட்டைத் திரும்ப வரையுங்கள். டாட்டின் முனை மார்புப் புள்ளிக்கு ஒரு இஞ்ச் முன்னாலேயே நிற்க வேண்டும். புள்ளி வரை தைத்தால் கூம்பு மாதிரி நிற்கும்.

வெயிஸ்டிலும் 1 இஞ்ச் கூடியிருக்கும். அது வேண்டாமென்றால் வெயிஸ்ட் டாட்டில் அந்த ஒரு இஞ்சைப் பிடித்துவிடலாம். நம் நான்கு டாட் ஜாக்கெட்டில் இன்னும் வசதி, கிடைத்த ஆழத்தை ஒரே டாட்டில் திணிக்காமல் பக்க டாட், ஆம்ஹோல் டாட் என்று பிரித்துக்கொள்ளலாம்.

அண்ணியைப் போல மார்பில் குறைக்க வேண்டியவர்களுக்கு வெட்டும் கோடுகள் இதேதான். விரிப்பதற்குப் பதில் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி ஒட்ட வேண்டும். டாட் சின்னதாகும், முன் நீளம் குறையும்.

ஷோல்டர், ஆம்ஹோல், கை

சைஸைச் சரியாக எடுத்திருந்தால் ஷோல்டரில் பெரிய வேலை இருக்காது. ஷோல்டர் வழிகிறது என்று வருகிறவர்களில் பலருக்கு உண்மையான காரணம் பின்கழுத்தின் ஆழம். 8, 9 இஞ்ச் இறக்கி வெட்டிவிட்டால் பிடித்துக்கொள்ள மேலே துணி எங்கே இருக்கிறது? ஆழத்தைக் கூட்டினால் கழுத்தின் அகலத்தைக் கால் முதல் அரை இஞ்ச் குறைக்க வேண்டும். அதற்கும் மேல் நாடா வைப்பதுதான் வழி. முன்கழுத்து வாய் பிளந்தால், பிளக்கும் அளவைப் பேப்பரில் கழுத்திலிருந்து மார்புப் புள்ளி வரை ஒரு சின்ன டாட் மாதிரி மடித்து ஒட்டிவிடுங்கள்.

"கையைத் தூக்கினா ஜாக்கெட் முழுக்க மேல ஏறுது" என்பார்கள். உடனே ஆம்ஹோலை இன்னும் வெட்டி இறக்குவார்கள். இது நேர் எதிரான வைத்தியம். ஆம்ஹோல் எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு துணியைக் கை தன்னோடு மேலே இழுக்கும். அக்குளுக்கு நெருக்கமாக, அரை இஞ்ச் கீழே ஆம்ஹோல் இருந்தால் கை மட்டும் தனியாகத் தூக்கும், உடம்பு இருந்த இடத்தில் இருக்கும். வெட்டிய துணியில் இதைத் திருத்த முடியாது, பேப்பரில் மட்டுமே முடியும்: முன்பாகம், பின்பாகம், கை மூன்றிலும் அக்குள் முனையை ஒரே அளவு ஏற்றுங்கள்.

மேல்கைக்கு ஜாக்கெட்டில் ஒரு இஞ்ச் லூஸாவது வேண்டும், குர்த்தியில் ஒன்றரை. எனக்குக் கை 13, பேட்டர்னில் 12½ இருந்தது, ஆக ஒன்றரை இஞ்ச் கூட்ட வேண்டியிருந்தது. கைத் துண்டை நெட்டாக நடுவிலும், அக்குள் மட்டத்தில் குறுக்காகவும் வெட்டி, நான்கு முனைகளிலும் கீல் விட்டு, நெட்டுக் கோட்டை விரிக்க வேண்டும். குறுக்குக் கோட்டில் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். மேல்வளைவின் உயரம் சற்றுக் குறையும், வளைவின் நீளம் மாறாது. அதனால் ஆம்ஹோலைத் தொடாமலே கையை வைத்துத் தைக்கலாம்.

காடாத்துணியில் ஒரு தடவை

பட்டு ஜாக்கெட் பிட்டில் முதல் சோதனை வேண்டாம். காடாத்துணியிலோ பழைய வேட்டியிலோ வெட்டி, பெரிய தையல் போட்டு, கொக்கிக்குப் பதில் குண்டூசி குத்திப் போட்டுப் பாருங்கள். கழுத்துப் பட்டியெல்லாம் வேண்டாம், ஒரு கை மட்டும் வைத்தால் போதும்.

சுருக்கங்கள்தான் இங்கே பேசும். குறுக்காக வரிவரியாக இழுத்தால் அந்த இடத்தில் இறுக்கம். நெட்டாக மடிப்பு தொங்கினால் அகலம் அதிகம். இழுக்காமல் குறுக்கே மடிந்து உட்கார்ந்தால் நீளம் அதிகம், முதுகில் வெயிஸ்டுக்கு மேலே இப்படி வருவது ரொம்ப சகஜம். சாய்வாக இழுக்கும் கோடு எதை நோக்கிப் போகிறதோ அங்கேதான் கோளாறு. அக்குளிலிருந்து மார்பு முனைக்குச் சாய்வாக இழுத்தால் மார்பில் இன்னும் கூட்ட வேண்டும். எங்கே அதிகமோ அங்கே ஊசி குத்துங்கள். எங்கே இறுக்கமோ அங்கே துணியைக் கிழித்தே விடுங்கள், எவ்வளவு விரிகிறதோ அதுதான் கூட்ட வேண்டிய அளவு. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். உட்கார்ந்து, குனிந்து, மேல் அலமாரியிலிருந்து டப்பா எடுத்துப் பாருங்கள். கண்ணாடி முன் விறைப்பாக நிற்கும்போது எல்லா ஜாக்கெட்டும் பொருந்தும்.

காடாவில் செய்த மாற்றங்களைப் பேப்பருக்கு ஏற்றிய பிறகு, லைனிங் காட்டனை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு அப்புறம் வெட்டுங்கள். இல்லாவிட்டால் முதல் துவைப்பில் லைனிங் சுருங்கி, இத்தனை வேலையும் வீண். பக்கத் தையலில் மட்டும் ஒன்றரை இஞ்ச் உள்ளே விட்டுவைக்கிறேன், நாளைக்குப் பிரித்துவிட.

முடிந்த பேட்டர்னின் மேல் தேதி, மேல்மார்பு, மார்பு, எங்கே எவ்வளவு மாற்றினேன், எந்த பிரா என்பதுவரை எழுதிச் சுருட்டி வைத்திருக்கிறேன். மடித்து வைத்தால் மடிப்புக் கோடுகளில் பேப்பர் கிழிந்துவிடும். அண்ணியுடையதற்கு மேல் "முதுகு 38, முன்பக்கம் குறை" என்று சிவப்பு ஸ்கெட்ச்சில் எழுதி ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறேன். தீபாவளிக்கு இரண்டு ஜாக்கெட் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார்.